வாசகர் கேள்வி – பதில்: முதலில் சாக்கெட், பிறகு கார்

மின்சாரக் கார் வாங்குவது பற்றித் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். பெரும்பாலான கடிதங்கள் எந்தக் கார் ஒரே சார்ஜில் அதிகத் தொலைவு போகும் என்ற கேள்வியோடுதான் தொடங்குகின்றன. அதற்கு விளம்பரங்களே பதில் சொல்லிவிடுகின்றன. அவை சொல்லாமல் விடுவது வேறொன்று: வாங்கப்போகும் கார் ஒரு நாளில் எங்கே, எத்தனை மணி நேரம், எந்த வகை மின் இணைப்புக்கு அருகில் நிற்கப்போகிறது என்பது. கீழே வரும் கணக்குகளில் யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது மின் கட்டண ரசீதில் நாம் பார்க்கும் அதே யூனிட்.

கேள்வி: சொந்த வீடு, வாசலிலேயே கார் நிற்கும். அலுவலகம் போய்வர நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர். வீட்டில் சாதாரண சாக்கெட் மட்டுமே இருக்கிறது. 70 யூனிட் பேட்டரி உள்ள காரும், சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜரும் இல்லாமல் சமாளிக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். உண்மைதானா?

பதில்: உங்களுக்கு இரண்டுமே கட்டாயமில்லை. நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் செலவழிக்கும். சிறிய கார் 12, 13 யூனிட்டில் முடித்துக்கொள்ளும். உயரமான பெரிய கார் 20 யூனிட்டைத் தொடும். 15 என்றே வைத்துக்கொண்டால், உங்கள் 40 கிலோமீட்டருக்கு 6 யூனிட் போதும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குள் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கழிகிறது. சார்ஜ் ஏறி முடியும்வரை விழித்திருக்கும் காரின் கணினிகளும் குளிர்விப்புப் பம்பும் இன்னொரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. எனவே மீட்டரில் 7 யூனிட் ஓடும் என்று கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் 2.3 கிலோவாட் கிடைக்கும். 7 யூனிட் ஏற மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். இரவு பத்து மணிக்குப் பிளக்கைச் செருகினால், நீங்கள் நல்ல உறக்கத்தில் இருக்கும்போதே காரின் வேலை முடிந்துவிடும்.

இரவு முழுவதும், அதாவது பத்து மணி நேரம், அதே சாக்கெட்டில் விட்டால் மீட்டரில் 23 யூனிட்டும் பேட்டரியில் ஏறத்தாழ 20 யூனிட்டும் ஏறும். அது 130 கிலோமீட்டர் ஓட்டம். வீட்டுச் சாக்கெட்டில் 120 வோல்ட் மட்டுமே கிடைக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு, 12 ஆம்பியரில் 1.4 கிலோவாட்தான் வரும். பத்து மணி நேரத்தில் 70 முதல் 80 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறும். உங்கள் தேவைக்கு அதுவும் போதும்.

பெரிய பேட்டரி வேண்டும் என்று வாதிடுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 70 யூனிட் பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து முழுவதும் நிரப்பச் சாதாரண சாக்கெட்டில் 31 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகவே சுவர் சார்ஜர் இன்றியமையாதது என்பார்கள். எண் சரிதான். ஆனால் ஒவ்வொரு இரவும் பேட்டரி முழுவதையும் நிரப்ப வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? ஞாயிறு இரவு நெடும்பயணம் முடிந்து காலி பேட்டரியுடன் வீடு வந்தாலும், திங்கள் காலை உங்களுக்கு வேண்டியது 40 கிலோமீட்டருக்கான மின்சாரம். மீதியைப் புதன், வியாழன் இரவுகள் மெல்ல நிரப்பிக்கொள்ளும். 40 முதல் 45 யூனிட் பேட்டரி உள்ள கார் உங்கள் அன்றாடத்துக்குத் தாராளம். கூடுதலாக 30 யூனிட் பேட்டரி ஏற்றினால் காரின் எடை ஏறத்தாழ 200 கிலோ கூடும். அந்த எடையை நாள்தோறும் இழுத்துச் செல்ல மின்சாரமும் டயர் தேய்மானமும் கூடும். வேக சார்ஜிங் நிலையங்கள் அரிதாக உள்ள வழிகளில் அடிக்கடி நெடும்பயணம் செய்பவர் என்றால் மட்டும் அந்தச் சுமைக்கு நியாயம் உண்டு.

சுவர் சார்ஜரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மின் வழங்குநர் நள்ளிரவில் நான்கைந்து மணி நேரம் மட்டும் குறைந்த கட்டணத்தில் மின்சாரம் தந்தால், 7.4 கிலோவாட் சார்ஜர் நான்கு மணி நேரத்தில் 30 யூனிட்டை இழுத்துவிடும். சாதாரண சாக்கெட்டால் 9 யூனிட்டைத்தான் எடுக்க முடியும். ஏற்றத்தில் ஏற்படும் இழப்பும் வேகமான சார்ஜரில் குறைவு. காரின் கணினிகளும் பம்பும் எடுக்கும் சில நூறு வாட், 2.3 கிலோவாட்டில் பெரிய பங்கு, 7.4 கிலோவாட்டில் சிறிய பங்கு. ஆனாலும் முதலில் காரை வாங்கிச் சில வாரம் சாதாரண சாக்கெட்டில் ஓட்டிப் பாருங்கள். சுவர் சார்ஜரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். பேட்டரியின் அளவைப் பிறகு மாற்ற முடியாது.

கேள்வி: மேற்சொன்ன சாதாரண சாக்கெட் எங்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயர் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. பெரிய நீராவி இஸ்திரிப் பெட்டி அதே 10 ஆம்பியரைச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு எடுக்கிறது. காரோ இரவு முழுவதும் இடைவிடாமல் எடுக்கிறது. தளர்ந்த இணைப்பும் மெல்லிய கம்பியும் இந்த வேறுபாட்டில்தான் உருகத் தொடங்குகின்றன. உருளையில் சுற்றியபடியே விட்ட வயர் இன்னும் ஆபத்து, ஏனெனில் உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியில்லை. கார் நிற்கும் இடத்துக்கே தனிக் கம்பி இழுத்து, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும் வைக்கச் சொல்லுங்கள். காரிலிருந்து சிறிதளவு நேர்திசை (டி.சி.) மின்னோட்டம் கசிந்தால் சாதாரண ஆர்.சி.சி.பி. அதை உணராமல் போவதோடு மற்றக் கசிவுகளையும் உணரும் திறனை இழக்கலாம். 6 மில்லி ஆம்பியர் நேர்திசை மின் கசிவைக் கண்டறியும் வசதி நீங்கள் வாங்கும் சார்ஜரிலேயே இருக்கிறதா என்று மின் பணியாளரிடம் பார்க்கச் சொல்வது நல்லது. காருடன் தரப்படும் கையடக்க சார்ஜர்கள் பலவற்றில் மின்னோட்டத்தைக் குறைத்து வைக்கலாம். 10 ஆம்பியரிலிருந்து 8 ஆக்கினால் பத்து மணி நேரத்தில் 18 யூனிட் கிடைக்கும். சாக்கெட்டுக்கோ வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

கேள்வி: அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். பொது வாகன நிறுத்தத்தில் சாக்கெட் வைக்க குடியிருப்போர் சங்கம் இன்னும் முடிவெடுக்கவில்லை. அலுவலகத்தில் 11 கிலோவாட் சார்ஜர்கள் சில இருக்கின்றன. போய்வர 60 கிலோமீட்டர். அலுவலக சார்ஜரை மட்டும் நம்பிக் கார் வாங்கலாமா? எப்படிப்பட்ட கார்?

பதில்: வாங்கலாம், ஆனால் முந்தைய வாசகருக்குச் சொன்ன அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. அவருக்கு ஒவ்வோர் இரவும் சாக்கெட் உண்டு. உங்களுக்கு வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை எதுவும் இல்லை. அந்த இடைவெளியைத் தாண்டும் அளவுக்குப் பேட்டரி இருக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் நிபந்தனை.

வெள்ளி மாலை 85 சதவீதத்துடன் அலுவலகத்திலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்ப 30, வார இறுதியில் உறவினர் வீடும் கடைத்தெருவுமாக 150, திங்கள் காலை அலுவலகத்துக்கு மீண்டும் 30. மொத்தம் 210 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் வீதம் 34 யூனிட். பேட்டரி 10 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்றால், பயன்படுத்தத் தக்க பேட்டரி 45 யூனிட்டாவது இருந்தாக வேண்டும். மழை, குளிர், நெடுஞ்சாலை வேகம், பேட்டரியின் மூப்பு ஆகியவற்றுக்கு இடம் விட்டால் 55 யூனிட். விளம்பரத்தில் உள்ள தொலைவை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் அடிப்படையாகக் கொள்ளப்படும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை, 23 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவை அரை மணி நேரத்தில் ஓட்டிப் பார்ப்பது. அதன் சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டருக்கும் குறைவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்பவருக்கு அட்டையில் எழுதியுள்ள தொலைவு கிடைக்காது.

இரண்டாவது நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை. அலுவலகத்தில் 11 கிலோவாட் சார்ஜர் இருப்பதால் உங்கள் காருக்கும் 11 கிலோவாட் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சுவரிலும் கம்பத்திலும் இருக்கும் அந்தப் பெட்டி ஏ.சி. எனப்படும் மாறுதிசை மின்னோட்டத்தைக் காருக்குக் கடத்தும் பாதுகாப்பான கதவு மட்டுமே. அதை நேர்திசை மின்னோட்டமாக மாற்றிப் பேட்டரிக்குள் அனுப்பும் உண்மையான சார்ஜர் காரின் உள்ளே இருக்கிறது. அந்த உள் சார்ஜரின் திறன் காருக்குக் கார் மாறும். 11 கிலோவாட் என்பது மும்முனை மின்சாரத்தில் ஒவ்வொரு முனைக்கும் (ஃபேஸ்) 16 ஆம்பியர் வீதம் கிடைப்பது. 7.4 கிலோவாட் என்று விற்கப்படும் கார்கள் பலவற்றின் உள் சார்ஜர் ஒரே ஒரு முனையில் 32 ஆம்பியர் எடுக்கும்படி அமைந்தது. அப்படிப்பட்ட காரை உங்கள் அலுவலகச் சார்ஜரில் மாட்டினால் ஒரு முனையின் 16 ஆம்பியர்தான் வரும். அது வெறும் 3.7 கிலோவாட். ஏழு கிலோவாட் காரும் பதினொரு கிலோவாட் சார்ஜரும் சேர்ந்து நான்கு கிலோவாட்டைக்கூட எட்டாத இந்த விந்தை, வாங்கிய பிறகே பலருக்குத் தெரியவருகிறது.

எட்டு மணி நேரம் கார் அங்கேயே நிற்குமானால் 3.7 கிலோவாட்டும் போதும். பேட்டரிக்கு 26 யூனிட் சேரும், உங்கள் அன்றாடத் தேவையோ 10 யூனிட்டுக்கும் குறைவு. ஆனால் சில சார்ஜர்களைப் பல ஊழியர்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், மதிய உணவு நேரத்தில் காரை எடுத்து அடுத்தவருக்கு வழிவிட வேண்டியிருக்கும். திங்கள் காலை காலியாக வரும் உங்களுக்கு நான்கு மணி நேரத்தில் 3.7 கிலோவாட் கார் என்றால் 13 யூனிட், மும்முனையில் 11 கிலோவாட் எடுக்கும் கார் என்றால் 40 யூனிட். ஆகவே உங்களைப் போன்றவர்கள் 11 கிலோவாட் மும்முனை உள் சார்ஜர் உள்ள காரைத்தான் தேட வேண்டும். காட்சிக்கூடத்தில் உள்விளக்குகளின் நிறங்களைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடிய விற்பனையாளர்கள்கூட இந்த எண்ணைக் கையேட்டைப் புரட்டித்தான் சொல்வார்கள். புரட்டிச் சொல்லும்வரை காத்திருங்கள்.

வேலை மாறினாலோ, அலுவலகம் இடம் மாறினாலோ உங்கள் சாக்கெட்டும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். அதனால் சங்கத்திடம் பேசுவதை விட்டுவிடாதீர்கள். நார்வே, ஜெர்மனி போன்ற நாடுகளில் அடுக்ககவாசிகள் தம் நிறுத்துமிடத்தில் சார்ஜிங் வசதி கோருவதைச் சட்டமே ஆதரிக்கிறது; உங்கள் பகுதியின் விதி என்ன என்று தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு எளிதாகும். சங்கங்கள் அஞ்சுவது பெரும்பாலும் கட்டடத்தின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையைப் பற்றித்தான். எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஏறாமல், கட்டடத்தில் அப்போது மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கார்களுக்குப் பங்கிட்டுத் தரும் சுமை மேலாண்மைச் சார்ஜர்கள் இருக்கின்றன. ஒருவர் மட்டும் தனியாகக் கம்பி இழுத்துக்கொள்வதைக் காட்டிலும், பின்னால் வருபவர்களும் சேரக்கூடிய பொது ஏற்பாடாகக் கேட்பதே நீடிக்கும்.

கேள்வி: இரண்டு கார்களுக்கு நடுவே தயங்குகிறேன். ஒன்று 150 கிலோவாட் வரை வேக சார்ஜ் ஏற்கும் பெரிய கார். மற்றது 100 கிலோவாட் மட்டுமே ஏற்கும் சிறிய கார். 10 முதல் 80 சதவீதம் வரை ஏற முதல் கார் 36 நிமிடமும் இரண்டாவது 32 நிமிடமும் எடுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். 150 எப்படி 100இடம் தோற்கும்?

பதில்: வேக சார்ஜிங் நிலையம் காரின் உள் சார்ஜரைத் தாண்டி நேர்திசை மின்னோட்டத்தையே பேட்டரிக்குத் தருவதால்தான் இவ்வளவு பெரிய எண்கள். விளம்பரத்தில் வரும் 150 உச்ச அளவு. பேட்டரி ஏறக்குறையக் காலியாகவும் இளஞ்சூடாகவும் இருக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் கார் அந்த அளவை எடுக்கும். பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே மொத்த நேரம் அமைகிறது. முதல் காரின் பேட்டரி 60 யூனிட் என்றால் 70 சதவீதம் 42 யூனிட். 36 நிமிடத்தில் அது ஏறுவதற்குச் சராசரி 70 கிலோவாட். இரண்டாவதன் பேட்டரி 50 யூனிட் என்றால் 35 யூனிட். 32 நிமிடத்துக்குச் சராசரி 66. இப்படிப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம்.

இன்னும் ஒரு படி மேலே போய், ஏறிய மின்சாரத்தில் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று பாருங்கள். பெரிய கார் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் எடுக்குமானால் 36 நிமிட நிறுத்தத்தில் அதற்குக் கிடைத்தது 210 கிலோமீட்டர். சிறிய கார் 15 யூனிட் எடுக்குமானால் 32 நிமிடத்தில் 233 கிலோமீட்டர். உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்கே உள்ள கார் சாலையில் முந்திவிடுகிறது. இதே விகிதம் வீட்டுச் சாக்கெட்டுக்கும் பொருந்தும்: ஒரே 2.3 கிலோவாட்டில் சிறிய கார் ஒரு மணி நேரத்தில் 13 கிலோமீட்டர் சேர்த்தால், பெரிய கார் 10 கிலோமீட்டர்தான் சேர்க்கும். மெதுவான இணைப்பு மட்டுமே உள்ளவர்கள் காரின் மின்செலவை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சார்ஜரை மாற்றாமலேயே சார்ஜ் ஏறும் வேகத்தைக் கூட்டும் வழி, குறைவாக உண்ணும் காரை வாங்குவது.

நிலையத்தின் பக்கமும் வரம்புகள் உண்டு. 50 கிலோவாட் என்று எழுதியுள்ள பழைய நிலையங்கள் பல 125 ஆம்பியருக்கு மேல் தருவதில்லை. 350 வோல்ட்டில் இருக்கும் பேட்டரிக்கு அது 44 கிலோவாட்தான். இரண்டு சார்ஜிங் முனைகள் உள்ள நிலையத்தில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றால் பல நேரங்களில் மின்சாரம் பாதியாகப் பிரியும். பெரும்பாலான மின்சாரக் கார்கள் 400 வோல்ட் அமைப்பு கொண்டவை. 2019இல் வந்த போர்ஷே டைகான் 800 வோல்ட் அமைப்பைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு ஹூண்டாய் ஐயானிக் 5 போன்றவை அதைப் பின்பற்றின. ஐயானிக் 5, 350 கிலோவாட் நிலையத்தில் 18 நிமிடத்தில் 10 முதல் 80 சதவீதம் ஏறும் என்கிறது நிறுவனம். ஆனால் அந்த வேகத்துக்குப் பணம் கொடுக்கும் முன், அப்படிப்பட்ட நிலையம் நீங்கள் செல்லும் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வழியில் உள்ளவை 50, 60 கிலோவாட் நிலையங்கள் மட்டுமே என்றால் 100, 150, 250 எல்லாம் உங்களுக்கு ஒன்றுதான்.

80 சதவீதத்துக்கு மேல் நின்று காத்திருப்பது வேக சார்ஜிங் நிலையத்தில் வீண். கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு, பல கார்களில் 10இலிருந்து 80 சதவீதம் வரை ஏற ஆன நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமான நேரம் ஆகிறது. பின்னால் ஒருவர் காத்திருந்தால் அவருக்கும் அது சிரமம்.

கேள்வி: வீட்டிலும் சார்ஜ் ஏற்ற வழியில்லை, அலுவலகத்திலும் இல்லை. பொது வேக சார்ஜிங் நிலையத்தை மட்டும் நம்பி மின்சாரக் கார் வாங்கலாமா? வாரத்துக்கு 250 கிலோமீட்டர் ஓட்டுவேன்.

பதில்: கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 250 கிலோமீட்டருக்கு 40 யூனிட். 60 யூனிட் பேட்டரி உள்ள காருக்கு வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம். நீங்கள் எப்படியும் ஒரு மணி நேரம் செலவழிக்கும் இடத்தில், வார வாரம் காய்கறி வாங்கும் அங்காடியிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ, நான்கைந்து முனைகளுடன் நிலையம் இருந்தால் அந்த நாற்பது நிமிடம் உங்களுக்குச் செலவே அன்று. வழியில் இல்லாத நிலையத்துக்கு அதற்காகவே போய்க் காத்திருந்து திரும்ப வேண்டும் என்றால், சில மாதங்களில் அலுத்துவிடும். ஒரே நிலையம், ஒரே முனை, அதுவும் அடிக்கடி பழுதாவது என்ற நிலை இருந்தால் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். வேக நிலையங்களில் யூனிட் விலை வீட்டு மின்சாரத்தைவிடப் பொதுவாகக் கணிசமாக அதிகம் என்பதால், எரிபொருள் செலவு மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பும் உங்கள் விஷயத்தில் சுருங்கிவிடும்.

வாங்குவதென்றால், பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு உள்ள காராகப் பாருங்கள். வேக சார்ஜின்போது உண்டாகும் வெப்பமே பேட்டரியின் மூப்பை விரைவுபடுத்துகிறது. குளிர்விப்பு நன்றாக உள்ள கார்கள் அதைப் பெரிதும் சமாளித்துக்கொள்கின்றன. குளிர்நாடுகளில் இருப்பவர்கள், நிலையத்தை அடையும் முன்பே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி உள்ளதா என்று கேட்க வேண்டும். அது இல்லாத கார் உறைபனிக் காலையில் விளம்பர வேகத்தில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம்.

கேள்வி: இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 100 சதவீதம் ஏற்றலாம், மற்றதை 80க்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்கள். கார் தேர்வில் இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, முழு ஏற்றத்தால் மற்ற வகை அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. மேலும், அதன் மின்னழுத்தம் பெரும்பகுதி ஏற்றத்துக்கு மாறாமல் சமமாகவே இருப்பதால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காரின் கணினியால் துல்லியமாகக் கணிக்க முடிவதில்லை. அவ்வப்போது 100 வரை ஏற்றினால்தான் கணக்கைத் திருத்திக்கொள்ளும். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகைக்கு அன்றாடம் 80 சதவீதம், நெடும்பயணத்துக்கு முன் மட்டும் 100 என்பதே பொதுவான அறிவுரை. இதன்படி 50 யூனிட் இரும்பு பாஸ்பேட் காரில் 100 முதல் 10 வரை 45 யூனிட்டை நாள்தோறும் பயன்படுத்தலாம். 60 யூனிட் நிக்கல் வகைக் காரில் 80 முதல் 10 வரை 42 யூனிட்தான். சிறியதாகத் தெரியும் பேட்டரி அன்றாடத்தில் பெரியதாகிவிடுகிறது. இதற்கு ஈடாக, இரும்பு பாஸ்பேட் வகை ஒரு யூனிட்டுக்கு எடை கூடியது; கடுங்குளிரில் சார்ஜ் ஏறுவதும் மந்தம். வீட்டில் சாக்கெட்டும் மிதமான தட்பவெப்பமும் உள்ளவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: பழைய நிசான் லீஃப் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதன் சாடெமோ முனைக்கு இனி நிலையங்களே இருக்காது என்று பயமுறுத்துகிறார்கள். வீட்டில் சாக்கெட் உண்டு. மனைவி பள்ளிக்குப் போய்வர 30 கிலோமீட்டர். வாங்கலாமா?

பதில்: வேக சார்ஜ் முனைகளில் சாடெமோ ஜப்பானில் உருவானது. ஐரோப்பாவில் சி.சி.எஸ். 2 பொது முறையாகிவிட்டது. வட அமெரிக்காவில் டெஸ்லா 2022இல் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்ட என்.ஏ.சி.எஸ். பரவி வருகிறது, சீனாவுக்கு அதன் சொந்த முறை உண்டு. ஜப்பானுக்கு வெளியே புதிய நிலையங்களில் சாடெமோ குறைந்துகொண்டே வருவது உண்மை. ஆனால் இந்தச் சண்டையெல்லாம் வேக சார்ஜைப் பற்றியது. 30 கிலோமீட்டருக்கு வேண்டிய 5 யூனிட் உங்கள் வீட்டுச் சாக்கெட்டில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். வெளியூர்ப் பயணத்துக்கு உங்களிடம் வேறு வாகனம் இருந்தால் சாடெமோ முனையைத் திறக்கவே தேவை வராது. விலை மலிந்திருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்றால், அது உங்களுக்கு இலாபம்.

பார்க்க வேண்டியது பேட்டரியை. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் லீஃப் கார்களில் 24 யூனிட் பேட்டரி இருந்தது. அதற்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது, ஆகவே வெப்பமான இடங்களில் ஓடிய கார்கள் விரைவாகத் தேய்ந்தன. திறன் 70 சதவீதமாகக் குறைந்திருந்தால் மிஞ்சுவது 17 யூனிட், அதாவது 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உங்கள் 30 கிலோமீட்டருக்கு அது போதும். இன்னும் ஐந்தாண்டு தேய்ந்தாலும் போதும். வேகமானி அருகே பேட்டரியின் நலத்தைக் காட்டும் பன்னிரண்டு கட்டங்களில் எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். அதைச் செயற்கையாக மீட்டமைத்துக் காட்டுபவர்களும் இருப்பதால், காரின் கணினியில் சோதனைக் கருவியை மாட்டிப் படிக்கக்கூடிய ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஏ.சி. சார்ஜுக்கான முனை எந்த வகை, உள் சார்ஜர் 3.3 கிலோவாட்டா 6.6 கிலோவாட்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய லீஃப்களில் இருக்கும் டைப் 1 முனைக்கு, டைப் 2 கம்பங்கள் உள்ள இடங்களில் தனிக் கேபிள் தேவைப்படும். சாடெமோவை சி.சி.எஸ். நிலையத்தில் மாட்ட உதவும் அடாப்டர் ஒன்றைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லி விற்பவர் விலையை ஏற்றினால் ஏற்காதீர்கள். அது எல்லா நிலையங்களிலும் வேலை செய்யும் என்ற உறுதி கிடையாது, உங்கள் தேவைக்கு அது வேண்டியதும் இல்லை.